புழுக்கத்துக்கு எந்த மாஸ்க்? காரைக்குடிப் பக்கம் வெளியே கிளம்புகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"மூச்சு முட்டாத மாஸ்க் ஒண்ணு குடுங்க" என்று மருந்துக் கடையில் கேட்டால், கடைக்காரர் கைக்கு எட்டியதை எடுத்துக் கொடுப்பார். கல்லுக்கட்டிக் கடைத்தெருவில் வாங்கி மாட்டியது ஐந்து விளக்கு முனையைத் தாண்டுவதற்குள் தாடைக்கு இறங்கிவிடும். மாஸ்க் சரியில்லை என்று அடுத்த முறை இன்னும் மெல்லிசாக ஒன்று வாங்குவோம். அது எதையும் தடுக்காது. மூச்சு ஏன் முட்டுகிறது என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் இந்தச் சுற்று மிச்சம்.

நாம் வெளியே விடும் மூச்சு ஏறக்குறைய 34 டிகிரிச் சூட்டில், ஈரம் நிறைந்து வருகிறது. அந்த ஈரம் மாஸ்க்கின் உள்பக்கம் படியும். சித்திரை, வைகாசியில் வெயில் 38, 39 என்று ஏறினாலும் நடுப்பகல் காற்று காய்ந்திருக்கும். படிந்த ஈரம் ஓரளவு வெளிப்பக்கமாக உலர்ந்து போகும். ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் சூடு 30 டிகிரிதான். ஆனால் காற்றே ஈரத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது, மாஸ்க் எங்கே உலரும்? வெயில் நாளில் ஒரு மணி நேரம் தாங்கியது அன்றைக்கு அரை மணியிலேயே உதட்டில் ஒட்டிக்கொள்ளும். துணி நனைந்துவிட்டால் நூலிடைக் கண்களைத் தண்ணீர் அடைத்துக்கொள்கிறது. காற்று தனக்கு எளிய வழியைத் தேடி மூக்கோரமாகவும் கன்னத்தோரமாகவும் புகுந்து வரும். மூச்சு விடுவதும் கஷ்டம், வடிகட்டலும் போச்சு.

ஆகவே பிராண்டைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டைப் பாருங்கள்: இது எவ்வளவு நேரம் நனையாமல் தாங்கும், நனைந்ததும் மாற்றுவதற்குப் பையில் இன்னொன்று இருக்கிறதா. இரண்டாவது கேள்விக்குத்தான் நாங்கள் கூடுதல் மதிப்பெண் கொடுப்போம். ஒரே ஒரு உயர்ந்த மாஸ்க்கோடு நாள் முழுக்கத் திருவிழாவில் நிற்பவரைவிட, மூன்று சாதாரண மாஸ்க் வைத்திருந்து மாற்றிக்கொள்பவர் சௌகரியமாகவும் இருப்பார், பாதுகாப்பாகவும் இருப்பார்.

இன்னொன்றையும் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும், எதைத் தடுக்கப் போகிறோம் என்பது. செம்மண் புழுதியும் நெல் தூசியும் பெரிய துகள்கள். நெருக்கமாக நெய்த துணி இரண்டு அடுக்கு இருந்தால் பெரும்பாலும் போதும். போகிப் புகை, பக்கத்தில் நிற்பவரின் இருமல், பூட்டிக்கிடந்த வீட்டின் தூசி ஆகியவற்றில் நுண்துகள் அதிகம், துணி தாக்குப்பிடிக்காது. வாடைக்கும் வாயுவுக்கும் இங்கே சொல்லும் எந்த மாஸ்க்கும் உதவாது. போகியன்று தெருவில் டயரைக் கொளுத்தினால் என்95 கரித்துகளை நிறுத்தும், வாயுவை உள்ளே விட்டுவிடும். அந்த இடத்தை விட்டு நகர்வது ஒன்றுதான் வழி.

துண்டு, கண்டாங்கி, ரவிக்கைத் துணி

தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது எதிரே லாரி கிளப்பும் புழுதிக்கு, அதுவும் ஐந்து நிமிஷத்துக்கு, போதும். கூட்டத்தில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

கண்டாங்கிச் சேலைத் துணியில் மாஸ்க் தைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய காரைக்குடிக் கண்டாங்கிக்கு அழுத்தமான பருத்தி நூல்தான் பெருமை, சேலையாகக் கட்டும்போது. முகத்தில் கட்டினால் அதே அழுத்தம் இடைஞ்சல். தடித்த நூல் வேர்வையை நிறையக் குடிக்கும், காய நேரமாகும். நூல் தடிப்பாக இருப்பதால் கண்கள் சிறிதாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. துணியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நூலுக்கு நடுவே ஒளிப்புள்ளிகள் தெரிந்தால், அது எவ்வளவு கனமான துணியானாலும் மாஸ்க்குக்கு ஆகாது.

எங்கள் தேர்வு ஜவுளிக்கடையில் ரவிக்கைக்குக் கிழிக்கும் டூ பை டூ ரூபியா. மெல்லிசு, நெருக்கமான நெசவு, நல்ல பருத்தி. வெளிப்புறம் அது, உள்புறம் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணி. பருத்தி இழை காற்றிலிருந்தே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. அதனால் பருத்தி முதல் அரை மணி முகத்தில் இதமாக இருக்கும், நிறைந்துவிட்டால் சீக்கிரம் காயாது. பாலியெஸ்டர் நேர் எதிர்: ஈரத்தைக் குடிக்காது, வேர்வை முகத்திலேயே வழியும். 2020 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன மூன்றடுக்குத் துணி மாஸ்க்கின் கணக்கு இதுதான்: உள்ளே ஈரம் வாங்கும் பருத்தி, நடுவே நெய்யாத பாலிப்ரொப்பிலீன், வெளியே தண்ணீர் இறங்காத பாலியெஸ்டர். கூட்டத்துக்கு அது சரி. புழுதிக்கு மட்டும் என்றால் நம் புழுக்கத்தில் மூன்றாவது அடுக்கு வீண் சுமை.

தையற்காரரிடம் கொடுப்பதானால் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்; இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கிக் காதை இழுக்கும். மடிப்பு மாஸ்க்குக்கு பெரியவர் அளவு 25 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம். ஆனால் மடிப்பு மாஸ்க் நனைந்ததும் தொய்ந்து வாயில் ஒட்டும். மேல் மடல், நடுத்துண்டு, கீழ் மடல் என்று மூன்றாகப் பிரித்து, இரண்டு கிடைத்தையல் போட்ட படகு வடிவம் உதட்டிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நிற்கும். பேசும்போது ஒட்டாது. தையல் கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். நடுவில் நெடுக்காகத் தையல் ஓடும் கூம்பு வடிவத்தைத் தவிர்ப்பது நல்லது, ஊசித் துளைகள் எல்லாம் நேராக மூக்குக்கு முன்னால் வந்து விழும்.

தைத்ததைச் சோதிக்க எளிய வழி: மாட்டிக்கொண்டு ஒரு சாண் தள்ளி மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து ஊதுங்கள். ஒரே ஊதலில் அணைந்தால் துணி தளர்வு.

சர்ஜிக்கல் மாஸ்க்

ஐம்பது உள்ள பெட்டியாக விற்பது. புழுக்கத்தில் கூட்டத்துக்குள் போக, பெரும்பாலானவர்களுக்கு நாங்கள் இதையே சொல்வோம். எடையே இல்லை, விலை குறைவு, நனைந்தால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்டலாம். ஒன்றை மூன்று மணி நேரம் இழுப்பதற்காக இதை வாங்காதீர்கள். அரை நாளைக்கு ஆளுக்கு மூன்று என்று எடுத்துவையுங்கள்.

ஆனால் கடைக்குக் கடை சரக்கு மாறும். பெட்டியில் ஐஎஸ் 16289 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு நிற்காமல் ஒரு மாஸ்க்கைப் பலி கொடுத்து, ஓரத்தைக் கத்தரித்துப் பிரித்துப் பாருங்கள். மூன்று அடுக்கு தனித்தனியாக வர வேண்டும். வெளியும் உள்ளும் சற்றுச் சொரசொரப்பான நெய்யாத் துணி, நடுவில் வெள்ளையாக, மிருதுவாக, நெருக்கமாக ஒரு தாள். வேலை செய்வது அந்த நடுத்தாள்தான். அதில் ஏற்றியிருக்கும் மின்னூட்டம் நுண்துகளை இழுத்துப் பிடிக்கும். டிஷ்யூ பேப்பரைப் பொடிப்பொடியாகக் கிழித்து மேஜையில் போட்டு அதை அருகே கொண்டுபோனால் துணுக்குகள் ஒட்டுவதைப் பார்க்கலாம். மழைநாளில் இந்தச் சோதனை சரியாக வராது, காய்ந்த நாளில் செய்யுங்கள். இரண்டே அடுக்கு வந்தால், அல்லது நடுத்தாள் மற்ற இரண்டையும்போலவே இருந்தால், அந்தப் பெட்டியைப் புழுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் முத்தாக நிற்க வேண்டும். ஊறினால் நல்ல சரக்கில்லை.

இதன் குறை பக்கவாட்டு இடைவெளி. மாஸ்க்கை நீளவாக்கில் இரண்டாக மடித்து, காது நாடா மாஸ்க்கோடு சேரும் இடத்தை ஒட்டி ஒரு முடிச்சுப் போட்டு, விரியும் ஓரத்தை உள்ளே செருகினால் கன்னத்தில் படியும். கூட்டத்தில் செய்ய வேண்டியது. செய்தால் வாய்க்கு நெருக்கமாக வரும், சீக்கிரம் நனையும், அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். மடிப்புகள் கீழ்நோக்கி விழவேண்டும், மூக்குக் கம்பி மேலே. தலைகீழாக மாட்டியவர்களைத் தினமும் பார்க்கலாம்.

என்95, எஃப்எஃப்பி2

இந்தியாவில் இதற்கான தரம் ஐஎஸ் 9473; அதில் எஃப்எஃப்பி2 என்றால் துகள்களில் குறைந்தது 94 சதவீதத்தைத் தடுப்பது. என்95 அமெரிக்கத் தரம், 95 சதவீதம். புழக்கத்தில் இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொள்ளலாம். மாஸ்க்கின் மேல் வெறுமனே என்95 என்று அச்சடித்து விற்பதும் உண்டு, அதனால் அச்சை நம்பாமல் தர எண்ணைத் தேடுங்கள்.

தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போகிறதா, காதில் மாட்டுவதா என்பது சௌகரியத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே உள்ள பேரம். தலைப்பட்டை முகத்தோடு இறுக்கும். காது நாடா எளிது, ஆனால் கசியும், மூன்று மணி நேரத்தில் காதுமடல் நோகும். கிண்ண வடிவம் விறைப்பானது, வாயில் ஒட்டாது; மடித்துப் பையில் வைக்க முடியாது. தட்டையாக மடங்கி விரியும் வகை கைப்பைக்கு நல்லது. புழுக்கத்துக்கு எங்கள் ஓட்டு மடிப்பு வகைக்கு, தலைப்பட்டையோடு, வெளிர் நிறத்தில். கறுப்பு மாஸ்க் வெயிலைக் குடிக்கும். வேர்வை காய்ந்த உப்புக்கோடும் பளிச்சென்று தெரியும்.

சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க இரண்டு கையாலும் மாஸ்க்கை மூடிக்கொண்டு வேகமாக மூச்சு விடுங்கள். கண்ணில் காற்று அடித்தால் மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ஒரு கையால் கிள்ளினால் கூர்மையாக மடிந்து இரண்டு பக்கமும் சந்து விழும். காதோரம் காற்று வந்தால் பட்டையைப் பின்னால் சரிசெய்யுங்கள்.

வால்வு வைத்தது வேண்டுமா? மூச்சு விடும்போது ஒரு சின்ன மடல் திறந்து சூட்டையும் ஈரத்தையும் வெளியே தள்ளும், இழுக்கும்போது மூடிக்கொள்ளும். புழுக்கத்தில் இது பெரிய சுகம், மறுக்க முடியாது. ஆனால் உங்கள் மூச்சு வடிகட்டாமல் வெளியே போகிறது. பொதுமக்கள் வால்வு வைத்த என்95 போட வேண்டாம் என்று 2020 ஜூலையில் மத்திய சுகாதாரத் துறை மாநிலங்களுக்கு எழுதியது இதனால்தான். சளி, காய்ச்சல் காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் கோவில் கூட்டத்துக்கும் வால்வு கூடாது. புழுதிக்கு மட்டும் என்றால் தாராளமாகப் போடலாம். மணல் புகுந்து மடல் பாதி திறந்த நிலையில் சிக்கிக்கொள்வது உண்டு. கழற்றியதும் உள்பக்கமிருந்து பார்த்து, மடல் தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

பைக் ஓட்டுகிறவர்கள் கழுத்தோடு போடும் வழுவழு பஃப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காய்வது வேகம், வெயில் படாது, பூச்சி வாயில் விழாது. வடிகட்டலை எதிர்பார்க்க வேண்டாம்.

தோடு, கொண்டை, தாடி, கண்ணாடி

ஜிமிக்கியும் தோடும் போட்டவர்களுக்குக் காது நாடா ஒரு வம்பு. கழற்றும்போது கொக்கியில் மாட்டிக் காதை இழுக்கும். பின்னால் கட்டும் நாலு கயிறு வைத்துத் தைத்தால் தீர்ந்தது. கொண்டைக்கு மேலே ஒரு முடிச்சு, கழுத்தில் ஒரு முடிச்சு. கடை மாஸ்க் என்றால் இரண்டு நாடாவையும் பின்தலையில் இணைக்கும் கொக்கிப்பட்டை வாங்கிக்கொள்ளலாம்.

கார்த்திகையில் மாலை போட்டுத் தாடி விட்டிருப்பவர்கள் என்95-க்குக் காசு செலவழிக்க வேண்டாம். முடிக்கு நடுவே காற்று கசியும், இறுக்கம் கிடைக்காது. அந்த நாற்பத்தெட்டு நாளும் சர்ஜிக்கல் மாஸ்க் போதும்.

கண்ணாடியில் பனி படிந்தால் மூச்சு மேல்பக்கம் கசிகிறது என்று அர்த்தம். கண்ணாடியை மாஸ்க்கின் விளிம்புக்கு மேல் உட்காரவையுங்கள். அடங்காவிட்டால் மருந்துக் கடை மைக்ரோபோர் டேப்பை மூக்கின் குறுக்கே ஒட்டலாம், ஆனால் வேர்வை முகத்தில் ஒட்டாது, துடைத்துவிட்டு ஒட்டுங்கள். முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு மாஸ்க் மாட்டாதீர்கள். வேர்வையோடு குழைந்து துணியையும் அடைக்கும், வேர்க்குருவையும் கிளப்பும்.

எங்கே போகிறோம் என்பதைப் பொறுத்து

திங்கட்கிழமைச் சந்தைக்கு சர்ஜிக்கல் இரண்டு. பை தூக்கி நடப்பதால் முதலாவது சீக்கிரம் நனையும்.

குன்றக்குடியில் படி ஏறும்போது மாஸ்க் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து, பக்கத்தில் ஆள் நெருக்கம் இல்லாவிட்டால். மூச்சு வாங்கி ஏறும்போது ஈரம் இரட்டிப்பாகும், மேலே போய்ச் சேரும்போது மாஸ்க் உபயோகமில்லாமல் போயிருக்கும். காய்ந்ததைப் பையில் வைத்திருந்து, மேலே வரிசையில் நிற்கும்போது மாட்டுங்கள். பிள்ளையார்பட்டியில் சதுர்த்திக் கூட்டத்துக்கும் கொப்புடையம்மன் தேருக்கும் மூன்று சர்ஜிக்கல். வீட்டில் வயதானவர், சர்க்கரை நோயாளி, ஆஸ்துமாக்காரர் இருந்தால் அவர்களுக்கு வால்வு இல்லாத எஃப்எஃப்பி2, அதுவும் நெரிசல் நேரத்தைத் தவிர்த்து. தலை சுற்றினால், குமட்டினால் மாஸ்க்கை முதலில் கழற்றிவிட்டு நிழலுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க வேண்டும். கூச்சப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு எதையும் மாட்டக் கூடாது.

சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் எழும் புழுதிக்கு வால்வு வைத்தது அல்லது ரூபியாத் துணி. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு பைக்கில் போவதானாலும் அதே.

ஆஸ்பத்திரிக்கு எந்த நாளானாலும் வால்வு இல்லாத எஃப்எஃப்பி2.

இளநீரோ நுங்கோ சாப்பிடும்போது மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கும் பழக்கம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. கழுத்து வேர்வை முழுக்க உள்பக்கம் ஏறிவிடும். திரும்ப மேலே இழுத்தால் ஈரத்துணியைத்தான் மூக்கில் வைக்கிறீர்கள். நாடாவைப் பிடித்து முழுதாகக் கழற்றி, காகிதப் பையில் போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

துவைப்பது, காயவைப்பது

துணி மாஸ்க்கை அன்றன்றே சோப்புப் போட்டு, கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்து அலசுங்கள். சோப்பு நிற்கக் கூடாது, மறுநாள் கன்னம் அரிக்கும். கஞ்சி போடவே கூடாது. வேட்டியோடு சேர்த்து வெளுக்கப் போட்டுக் கஞ்சியில் முக்கி வந்த மாஸ்க் விறைப்பாக அழகாக இருக்கும், கண்ணெல்லாம் அடைபட்டிருக்கும். வாசனைக்காக ஊற்றும் கண்டிஷனரும் அப்படித்தான். மழைக்காலத்தில் முற்றத்துக் கொடியில் ஒரு நாளில் காயாது. ஆறு மாஸ்க்காவது சுழற்சியில் இருந்தால்தான் ஈரவாடை இல்லாமல் போட முடியும். நெய்யாத துணி நடுவில் இருந்தால் இஸ்திரி வேண்டாம், உருகும்.

என்95-ஐத் துவைக்கக் கூடாது, சானிடைசர் அடிக்கக் கூடாது. இரண்டும் நடுத்தாளின் மின்னூட்டத்தை அழித்துவிடும். பார்க்கப் புதிதுபோலவே இருக்கும், வடிகட்டாது. வெயிலில் காயப்போடுவதும் வேண்டாம். ஐந்து வாங்கி, ஒவ்வொன்றையும் ஒரு காகிதப் பையில் போட்டு, நாளுக்கு ஒன்றாகப் பயன்படுத்தினால் ஆறாவது நாள் முதலாவது நன்றாகக் காய்ந்திருக்கும். பட்டை தளர்ந்தாலோ, உள்பக்கம் கறை ஏறினாலோ, மூச்சு இழுக்கக் கனத்தாலோ அதோடு விட்டுவிடுங்கள். பைக் பெட்டியிலும் காரின் முன்கண்ணாடிக்குக் கீழேயும் வைத்தால் சூட்டில் ரப்பர் செத்துப்போகும்.

பூட்டிய வீட்டைத் திறக்கும்போது

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கோ பங்காளிகள் கூடுவதற்கு முன்னால், வருஷக்கணக்கில் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்து சுத்தம் செய்யும் வேலைக்கு மட்டும் சௌகரியத்தைப் பின்னுக்குத் தள்ளியே ஆக வேண்டும். உதிர்ந்த சுண்ணாம்புப் பூச்சின் தூசி ஒரு பக்கம், வௌவாலும் புறாவும் போட்ட எச்சம் காய்ந்து பொடியாகி அதில் வளர்ந்த பூஞ்சையின் வித்து இன்னொரு பக்கம். துணியும் சர்ஜிக்கலும் இங்கே ஆகாது. தலைப்பட்டை உள்ள எஃப்எஃப்பி2. காய்ச்சல்காரர் யாரும் கூட இல்லையென்றால் வால்வு வைத்ததையே வாங்குங்கள், உடம்பு வேலைக்கு அது பெரிய ஆறுதல்.

வேலையையும் அதற்கேற்ப மாற்றலாம். முகப்புக் கதவு முதல் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு வரை எல்லாவற்றையும் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் வெளியே இருங்கள். எச்சத்தைக் காய்ந்தபடி விளக்குமாற்றால் பெருக்காதீர்கள். பெருக்கினால்தான் பொடி பறக்கும். தண்ணீர் தெளித்து ஊறவைத்து, தகரத்தால் சுரண்டி, சாக்கில் அள்ளிக் கட்டுங்கள். அரை மணிக்கு ஒருமுறை வாசலுக்கு வந்து, மாஸ்க்கைக் கழற்றி, கையைக் கழுவி, முகத்தைத் துடைத்து, தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போங்கள். உள்பக்கம் நனைந்திருந்தால் புதியதை மாட்டுங்கள். ஆளுக்கு நாலு வாங்கி வைத்தால் ஒரு பகல் ஓடும். கழற்றும்போது முன்பக்கத்தைத் தொடாமல், பின்தலைப் பட்டையைப் பிடித்து முன்னால் எடுத்து, எச்சச் சாக்கிலேயே போட்டுக் கட்டிவிடுங்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிய பிறகுதான் முகத்தைத் தொட வேண்டும்.